எந்த ஊர் ஜெயின்

ஸ்வேதா என்றால் வெள்ளை என்று அர்த்தம். அது தெரிந்தேதான் பாகுபலி நயினார் தன் மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தார். பிள்ளையோ நெல் வறுத்த சட்டியின் அடியைப் போல நல்ல கறுப்பு. பெயர் வைத்த அன்றே சொந்தத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார். நயினார் அசரவில்லை. "பாலும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. எது வேணுமோ எம் பொண்ணு எடுத்துக்கட்டும்" என்றாராம்.

அவள் பெரும்பாலும் சுண்ணாம்பையே எடுத்துக்கொண்டாள். வாய் அப்படி.

போளூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தெருக்கோடியில் ஆதிநாதர் கோயில். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற சமணக் குடும்பங்கள் கொஞ்சம், மற்றவர்கள் கொஞ்சம். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள் என்பதைத் தவிர, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நயினார் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. ஊரில் அவர்களை யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

தேவையை உண்டாக்கியவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, மதம் என்ன என்று கேட்டார். ஜெயின் என்றார் நயினார். வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்த அந்த மனிதருக்கு அது குடும்பப் பெயராகத்தான் தோன்றியிருக்க வேண்டும். அதையும் பிள்ளையின் பெயரோடு ஒட்டிவிட்டார். அன்று முதல் அவள் ஸ்வேதா ஜெயின். இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்த தம்பியும், அக்காவைப் போலவே இருக்கட்டும் என்று, சுதீர் ஜெயின் ஆனான்.

இந்தச் சுதீர் வேறு ஒரு கதை. அதே தாய், அதே தகப்பன், அதே வீட்டுக் கூழ். பையன் மட்டும் கோதுமை நிறம், தேன் நிறத்தில் பூனைக்கண். தெருவில் வளையல் விற்க வந்த ஒருத்தி, பிள்ளைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்களுடைய அம்மா மருதேவியிடம், "ரெண்டும் உம் வயித்துல பொறந்ததாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒண்ணு தோள்ல பொறந்துது, ஒண்ணு முட்டியில பொறந்துது. வளையலைக் குடுத்துட்டு நடையைக் கட்டு" என்றாள் மருதேவி. மகளுக்கு வாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூக்கையும் நெற்றியையும் அளந்து பார்க்க வேண்டியதில்லை.

ஸ்வேதா பட்டப்படிப்பு முடித்ததும் வரன் பார்த்தார்கள். தரகர் ஒருவர் பெயரையும் படிப்பையும் மட்டும் போனில் சொல்லி வைத்ததில், சென்னையில் நகைக்கடை நடத்தும் ஒரு வடநாட்டுக் குடும்பம் கார் எடுத்துக்கொண்டு வந்து இறங்கியது. வாசலில் நின்ற சுதீரைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இந்தியில் ஏதோ கேட்டார். அவனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. "வாங்க, உக்காருங்க" என்றான். ஸ்வேதா தட்டோடு வந்தபோது, அந்த அம்மாள் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தண்ணி கொண்டு வா. அப்படியே பொண்ணை வரச் சொல்லு" என்றார்.

"பொண்ணு வந்து ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள் ஸ்வேதா.

பிறகு அந்த அம்மாள், துக்கம் விசாரிக்கிற குரலில் நயினாரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எப்போ மாறினீங்க?" எந்தத் தலைமுறையில் சமணத்துக்கு வந்தீர்கள் என்று கேட்கிறாராம்.

"நாங்க மாறலைங்க. நீங்கதான் வூடு மாறி வந்துட்டீங்க" என்றார் நயினார்.

கார் போன பிறகு மருதேவி அழுதாள். ஸ்வேதா அந்தத் தட்டிலிருந்த பலகாரத்தை உட்கார்ந்து ஒன்று விடாமல் தின்றாள். அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன, உள்ளூரிலிருந்தே வந்தன. அவளுக்குத்தான் சந்தையில் நிற்கிற எண்ணம் விட்டுப்போயிற்று. திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டுக்கு அலைவதைக் கண்டு, நம் வீட்டில் தினமும் ஆக்குவது அதுதானே என்று, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாடகைக்கு இடம் பிடித்து மெஸ் ஆரம்பித்தாள். 'ஸ்வேதா ஜெயின் மெஸ்' என்று பலகை எழுதி மாட்டினாள். கொத்தவரங்காய் பொரியல், பச்சைப்பயறு கடைசல், சுரைக்காய் கூட்டு, மோர். பொழுது இறங்குவதற்குள் அடுப்பு அணைந்துவிடும்.

மெஸ் நன்றாக ஓடியது. பலகையைப் பார்த்து வடக்கத்தி யாத்ரீகர்களும் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவளிடமே, "ஓனர் எங்கே?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓனர் குளிக்கப் போயிருக்காங்க, சாப்பாட்டுக்கு நான் காசு வாங்கினா செல்லும்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

இடத்தின் சொந்தக்காரி ரேணுகாம்பாள், அடி அண்ணாமலையில் நிலம் நீச்சோடு இருப்பவள். சந்தில் அவளுக்கு நாலைந்து கடைகள். வாடகைக்கு வந்த பெண் என்று தொடங்கி, கூடப்பிறந்தவள் போல ஆகியிருந்தது உறவு. ரேணுகாம்பாளின் பேத்திக்குக் காது குத்தியபோது நயினார் மணிலா மூட்டையோடு வந்து நின்றார். ஸ்வேதாவுக்குக் காய்ச்சல் என்றால் ரேணுகாம்பாள் வந்து சோற்று உலையைக் கவனிப்பாள்.

இப்படி எட்டு வருடம். அதன் நடுவில்தான் சக்கரபாணி வந்து சேர்ந்தார்.

சக்கரபாணி இன்ஷூரன்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை மனிதர்கள் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். காலை டிபனுக்கு ஸ்வேதாவின் மெஸ்ஸுக்கு வந்து, சுவரோர மேசையைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் மூக்கையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பேரு பாதி, மூக்கு பாதி. ரெண்டையும் குடுங்க. உங்க பாட்டன் எந்த ஆத்தங்கரையில தண்ணி குடிச்சான்னு நான் சொல்றேன்" என்பார்.

வெள்ளைக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. ஒருநாள் பிரேசில்காரி ஒருத்தி தன் குடும்பப் பெயர் சில்வா என்றாள். போர்த்துக்கீசிய ரத்தம், சந்தேகமே இல்லை என்றார். அவள் தன் அம்மாவின் குடும்பம் ஜப்பானிலிருந்து வந்தது என்றாள். "அதான் பாத்தேன், அந்தக் கண்ணு!" என்றார் சக்கரபாணி. அப்பாவின் தாத்தாவோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், சில்வா என்பது அவரை வாங்கிய முதலாளி வைத்த பெயர் என்றாள் அவள். "உதட்டைப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றார். தப்பே ஆகாத சாஸ்திரம். மழை வந்தாலும் பலித்தது, வெயில் அடித்தாலும் பலித்தது. அவருடைய சொந்த மூக்கு, செடியிலேயே முற்றிவிட்ட கத்திரிக்காய் மாதிரி இருக்கும். அதை வைத்துத் தன் வம்சத்தை ஒரு மாதம் பல்லவர் படையில் சேர்ப்பார், இன்னொரு மாதம் சிந்து நதிக்கரையில் குடிவைப்பார்.

ஸ்வேதா இதையெல்லாம் காதில் வாங்கியும் வாங்காமலும் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். காசு கொடுத்துச் சாப்பிடுகிறார், வாயால் ஊரைச் சுற்றுகிறார், போகட்டும் என்று விட்டாள். அங்கேதான் பிசகினாள்.

அந்த வருடம் சந்தில் வாடகை தாறுமாறாக ஏறியது. வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டதைக் கொடுத்து இடம் பிடிக்கிறார்கள், உள்ளூர் ஆட்களுக்குப் பெட்டிக்கடை போடக்கூட இடமில்லை என்று கடைக்காரர்கள் மத்தியில் புகைச்சல். புகைச்சலில் நியாயம் இருந்தது. ஆனால் யார் வெளியாள், யார் உள்ளூர் என்று பிரிக்க ஒரு படித்த மனிதர் தேவைப்பட்டார். சக்கரபாணி முன்வந்தார். "இதுக்கு ஏன் மண்டையை உடைச்சிக்கிறீங்க? பலகையில இருக்கிற பேரைப் பாருங்க. நம்மாளுக்கு ஏது சர்நேம்? வாலு இருந்தா வடக்கன்" என்றார்.

மறுநாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ரேணுகாம்பாள் மெஸ்ஸுக்கு வந்தாள். உட்காரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா ஸ்வேதா, நீ சேட்டுப் பொண்ணாமே?"

ஸ்வேதா சிரித்துவிட்டாள். எதிர்முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"யாருக்கா சொன்னது?"

"நாலு பேரு சொல்றாங்க. மொகத்தப் பாத்தா நம்ம பொண்ணு மாதிரிதான் இருக்குது. பேருதான் இடிக்குது. கடைக்காரங்க எல்லாம் சேந்து, சேட்டுக்கு எடம் வுட்டிருக்கியேன்னு என்னைக் கேக்குறாங்க. நான் இன்னான்னு பதில் சொல்றது?"

"எங்க அப்பா உங்க வூட்டுல பந்தியில உக்காந்து சாப்பிட்டாரே, அப்போ உங்களுக்கு இடிக்கலியா?"

"அது வேற விஷயம்மா."

"எப்படிக்கா வேற?"

ரேணுகாம்பாள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை இங்கயே எல்லாரும் பேசிடலாம்னு சொல்றாங்க. உங்க ஆளுங்க யாருனா இருந்தா கூப்பிட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். 'உங்க ஆளுங்க' என்ற சொல் ஸ்வேதாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எட்டு வருடமாக அவள் ஆள் ரேணுகாம்பாள்தான்.

நயினாருக்குப் போன் செய்தாள். அவர் ஊர்ப் பெரியவர்களைத் திரட்டி வேன் வைத்து வருவதாகக் கிளம்பினார். நம்ம கோயில் எத்தனை காலத்துக் கோயில், நம்ம முப்பாட்டன் வெட்டின ஏரி எது, எல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்றார்.

"வேணாம்பா" என்றாள் அவள். "எத்தனை தலைமுறை இருந்தா இங்க தோசை சுடலாம்னு இவங்க ஒரு கணக்கு சொல்லட்டும். அப்புறம் நாம எண்ணலாம்."

ஆனாலும் மனம் கேட்காமல் நயினார் சுதீரை அனுப்பிவைத்தார். போளூரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்த அவன், கையில் கிரீஸோடு வெள்ளிக்கிழமை வந்து பைக்கை நிறுத்தியபோது, மெஸ்ஸுக்குள் கடைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோதுமை நிறத்தையும் பூனைக்கண்ணையும் பார்த்தவுடனே சக்கரபாணி எழுந்து நின்றுவிட்டார்.

"பாருங்க! நான் சொல்லணுமா இன்னும்? அந்தக் கண்ணு ராஜஸ்தான் கண்ணு. கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன்."

"கண்ணைத் தொறந்து சொல்லு பெரியவரே" என்றான் சுதீர். "இன்னா ராஜஸ்தானு? நான் வேலூரைத் தாண்டி வண்டி ஓட்டுனதில்ல. யார்ராது எங்க அக்காவைச் சேட்டுன்னது?"

பேச்சைக் கேட்டதும் பின்னால் இருந்த சிலர் கொல்லென்று சிரித்தார்கள். சக்கரபாணி கைதூக்கி அமர்த்தினார். "பாஷையை யாரு வேணா கத்துக்கலாம். கண்ணைக் கத்துக்க முடியுமா?"

"அப்போ எங்க அக்கா?"

"அவங்க..." சக்கரபாணி ஒரு கணம் தயங்கினார். ஒரே கணம்தான். "அவங்க அம்மா வழி. கலப்பு."

சுதீர் மேசையைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தான். ஸ்வேதா கல்லாவை விட்டு வெளியே வந்து, அவன் தோளைப் பிடித்து உட்கார்த்தினாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரை ரெண்டு தேசத்துல போட்டுட்டாரு, பாருங்க. இன்னொரு தம்பி இருந்திருந்தா அவனுக்கு சைனாவுல எடம் பிடிச்சிருப்பாரு" என்றாள். "எங்க அப்பா பேரு பாகுபலி நயினார். பலகையில நயினார்னு போட்டிருந்தா சிலபேரு முஸ்லிம்னு சொல்லியிருப்பீங்க, சிலபேரு திருநெல்வேலிப் பக்கமான்னு கேட்டிருப்பீங்க. ஒரு வாத்தியார் தப்பா எழுதுனதை வச்சிக்கிட்டு வடக்கன்றீங்க. சரி. எங்க தாத்தாவுக்குத் தாத்தா யாருன்னு எனக்குத் தெரியாது. உங்கள்ல யாருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. சக்கரபாணியின் கை பாதிவரை வந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

"நான் யாருன்னு நிரூபிக்கப் போறதில்ல. எடம் வேணும்னா அக்கா நேரா கேக்கட்டும், காலி பண்றேன். எம் மூக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க. அது சளி புடிச்சா சிந்துறதுக்கு இருக்குது."

கூட்டம் அதோடு கலைந்தது. முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. எடுக்க வெட்கப்பட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பாதிப்பேருக்குக் கடையைத் திறக்க நேரமாகிவிட்டிருந்தது. ரேணுகாம்பாள் கடைசிவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். காலி பண்ணு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் சக்கரபாணியை ஒரு முட்டாள் என்று விட்டுவிடலாம். ஆனால் ஓய்வு பெற்ற மனிதருக்கு நேரம் ஜாஸ்தி. அடுத்த சில வாரங்களில் யாரோ அவருக்குப் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சமணர்கள் காலங்காலமாக இங்கேயே உழுது பிழைத்தவர்கள், வடக்கிலிருந்து கடைவைக்க வந்தவர்கள் அல்ல என்று அதில் ஒருவர் பேசினாராம். வேறு யாராக இருந்தாலும் வந்து, தப்பாகச் சொல்லிவிட்டேனம்மா என்றிருப்பார்கள். சக்கரபாணி வந்தார். கூடவே ஆணும் பெண்ணுமாகப் பத்து வெளிநாட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஸ்வேதா இலை போடச் சொன்னாள். சக்கரபாணி அவர்களைக் கல்லாவுக்கு முன்னால் அரைவட்டமாக நிறுத்தினார். ஆங்கிலத்தில் முழங்க ஆரம்பித்தார். இதோ பாருங்கள், கலப்பே இல்லாத ஆதித் தமிழச்சி. இந்த நிறத்தைப் பாருங்கள். இந்த நெற்றியை, இந்தத் தாடையைப் பாருங்கள். நூற்றாண்டுகளாக மாறாத முகம். நான் முதல் நாளே கண்டுபிடித்தேன்.

ஒருத்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். சக்கரபாணி கனிவோடு, "அம்மா, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்புங்க. மூக்கு நல்லாத் தெரியணும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வராத கோபம் ஸ்வேதாவுக்கு இப்போதுதான் வந்தது. சேட்டு என்றபோது எதிர்த்துப் பேச ஏதோ இருந்தது. இப்போது அவளைத் தெருக்கோடியில் நட்டு வைத்த கல்லாக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், போன மாசமும் இதே மூஞ்சிதானே சார்?"

"அது... அப்போ ஆதாரம் கம்மி. இப்போ தெளிவாயிடுச்சு. பெருமையாத்தானேம்மா சொல்றேன்!"

"மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கிறவனும் பெருமையாத்தான் சொல்லுவான். மாட்டுக்குப் பெருமையா அது?" அவள் குரல் சந்துக்கே கேட்டது. "எம் தம்பி கலப்பு, நான் சுத்தம். அப்படித்தானே? எங்க அம்மா முன்னாடி வந்து சொல்லுங்க, அவங்க கையில இருக்கிற அகப்பையால உங்க மூக்கைக் கொஞ்சம் சீர் பண்ணிவுடுவாங்க. வெளியே போங்க சார். இனிமே இந்தப் பக்கம் டிபனுக்கு வராதீங்க."

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில், இன்றைக்குச் சாப்பாடு இல்லை, இங்கே பார்க்கவும் எதுவும் இல்லை, மலை வெளியே இருக்கிறது என்றாள். படம் எடுத்தவள் முகம் சிவந்து, அழித்துவிடுவதாகச் சொன்னாள். அழித்தாளோ என்னவோ.

சக்கரபாணி வாசலில் நின்று, "நல்லது சொன்னாக்கூட கோவமா? ஆதிகுடின்னா அப்படித்தான், ரோஷம் ஜாஸ்தி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். அதுவும் அவர் சாஸ்திரத்தில் பலித்துவிட்டது.

அடுத்த மாதமே ஸ்வேதா இடத்தைக் காலி செய்தாள். யாரும் துரத்தவில்லை. ரேணுகாம்பாளுக்கு முன்னால் உட்கார்ந்து பழையபடி வெற்றிலை மடிக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலேயே ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. பௌர்ணமிக்குச் சுற்ற வருகிற ஜனத்துக்குப் பெயரும் தெரியாது, பார்க்க நேரமும் இல்லை. பசி மட்டும்தான் தெரியும். மாலை வெயில் இருக்கும்போதே நடக்கத் தொடங்குகிறவர்கள் புளிச்சோறு வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். சந்துக் கடையைவிட வியாபாரம் இங்கே ஜாஸ்தி.

சக்கரபாணி வேறொரு காபிக் கடையில் மேசை பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது உச்சரிப்பை வைத்து வம்சம் சொல்கிறாராம். கேட்க ஆள் இருக்கிறது. எப்போதும் இருக்கும்.

ஒரு பௌர்ணமி அன்று, கூட்டத்தின் நடுவில் ரேணுகாம்பாள் வந்து நின்றாள். அவள் ஊர்தானே அது. வந்தவள், அண்டா காலியாகிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கேட்காமலே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரிமாற இறங்கினாள். கூட்டம் குறைந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"மனசுல வச்சிக்காதே ஸ்வேதா. ஏதோ நாலு பேரு பேச்சைக் கேட்டு..."

"வச்சிக்கிட்டுத்தான்கா இருக்கேன்" என்றாள் ஸ்வேதா. "எட்டு வருசம் எம் மூஞ்சியைப் பாத்துட்டு, ஒரு பேனாக்காரன் சொன்னதும் நான் யாருன்னு கேட்டீங்க. அது எப்படிப் போவும்?"

ரேணுகாம்பாள் தலையை ஆட்டினாள். மறுக்கவில்லை. திரும்பப் போகிறவளைப் போல நின்றாள்.

"பொழுது எறங்குது" என்றாள் ஸ்வேதா. "உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க. அப்புறம் அடுப்பை அணைச்சிடுவேன்."

ரேணுகாம்பாள் உட்கார்ந்தாள். ஸ்வேதா இலையில் சோற்றை வைத்துவிட்டு, எதிரே உட்காராமல், பாத்திரம் கழுவப் போனாள்.